தொடுவானம் துடைப்பவர்

கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, அப்படித் தள்ளி வைத்தது நன்றாக ஞாபகம் இருப்பதால் பத்து நிமிடம் தாமதமாக வந்து சேருகிற ரகம் ஒன்று உலகத்தில் உண்டு. யார் வீட்டு வாசலாக இருந்தாலும் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன் என்கிற ரகமும் உண்டு. இவர்களையெல்லாம் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடலாம். தொடுவானம் துடைக்கிற ரகத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த இயற்கைக் காட்சியைப் படம் எடுத்தாலும் பக்கத்து மரம் பளிச்சென்றும் தூரத்து மலை லேசாக மங்கியும்தான் விழும். தூரம் என்றால் அப்படித்தான். நடுவில் அத்தனை காற்று இருக்கிறது, அதில் ஈரம் இருக்கிறது, தூசி இருக்கிறது. நாம் ‘அடடா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இவர் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல், கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, மலையும் வானமும் சேருகிற இடத்தை மட்டும் பட்டை போட்டுப் பிடித்து, மூட்டம் நீக்குவதற்கென்றே மென்பொருளில் வைத்திருக்கிற அந்தச் சின்ன உருண்டையை மவுஸால் வலது பக்கம் இழுப்பார். மலை முன்னால் வரும். இன்னும் இழுப்பார். மலைமேல் மரம் வரும். இன்னும் இழுப்பார். வானம் மைப்புட்டி கவிழ்ந்ததுபோல் நீலம் பாரித்து, மலையின் விளிம்பில் யாரோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு ஓடி, மேகங்கள் எல்லாம் அடி வாங்கிய கன்னம் மாதிரி கன்றிப்போன பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து, “இப்ப பாருங்க” என்பார்.

பார்த்தால் மட்டும் விடுவாரா? பழைய படம், புதிய படம், பழைய படம், புதிய படம் என்று மாற்றி மாற்றித் தட்டிக் காட்டுவார். “எது நல்லா இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க.” மனதில் பட்டதைச் சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டில் இரண்டாவது காபி குடித்ததில்லை.

நம் கதாநாயகர் இந்த ரகத்தில் முதல் தரம். மகள் அவருக்குக் கொடுத்த பட்டம் ‘தெளிவுத் திலகம்’. அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற உத்தியோகம். இருபத்தாறு வருடமாக, ஜனங்கள் கொண்டுவந்து நீட்டும் நகல்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “தெளிவா இல்ல, வேற எடுத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பியவர். மலையை அப்படித் திருப்பி அனுப்ப முடியவில்லையே என்கிற குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. மென்பொருள் வந்து அந்தக் குறையையும் தீர்த்துவைத்தது.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. நண்பர் எடுத்த அருவிப் படத்தில் சாரலை நீக்கினார். அருவி, குழாய் உடைந்து கொட்டுவதுபோல் ஆயிற்று. மகள் ஆசையாக எடுத்த காபிப் படத்தில் ஆவியை நீக்கினார்; காபி ஆறிப்போயிற்று. கொழுந்தியாள் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படத்தில் மூட்டத்தை நீக்கியபோது, கடலோடு சேர்ந்து அவள் முகமும் தெளிவாகிவிட்டது. முப்பத்தெட்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்ததெல்லாம் தெரிந்தது. மூன்று மாதம் அக்கா வீட்டுப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை.

சுற்றுலா போனாலும் காட்சியைப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஊரே வாயைப் பிளந்து நிற்கிற இடத்தில் உதட்டைப் பிதுக்குவார். “ஒரே மூட்டமா இருக்கு. பரவால்ல, வீட்ல போய் எடுத்துடலாம்.”

இப்படிப்பட்டவருக்கு உடம்பில் ஒரு சின்னச் சங்கடம். சர்க்கரை. ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இனிப்பைத் தொடக்கூடாது, தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஊசிதான். ஊசி என்றதும் திலகத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி அதைவிட ஒரு படி மேலே போனாள். ஐஸ்கிரீம் என்றால் அவளுக்கு உயிர். பல் பிடுங்கிக்கொண்ட நாளைக்கூட ஐஸ்கிரீம் சாப்பிடக் கிடைத்த நல்ல நாளாக நினைத்தவள். அவள் சொன்னாள்: “நீங்க சாப்பிடாதப்ப எனக்கு மட்டும் எப்படிங்க இறங்கும்? நானும் விட்டுட்டேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை, உண்மையாகவே விட்டுவிட்டாள். ஆறு மாதம். இதை மட்டும் ஒரு ஓரமாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு நாலு நாள் முன்னால், சனிக்கிழமை, இருவரும் மலைக்குப் போனார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. அவள் கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, பள்ளத்தாக்கைப் பார்த்த மேடையில் உட்கார்ந்துகொண்டாள். கீழே ஏரியைச் சுற்றி நடைபாதை. இவர் தம் விலை உயர்ந்த கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, “முழு ரவுண்டு போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்” என்று வீரமாகக் கிளம்பினார். “இதைப் போட்டுக்கங்க, மூட்டத்துல எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்” என்று அவள் புதிதாக வாங்கி வந்திருந்த பளீர் ஆரஞ்சுத் தொப்பி ஒன்றை அவர் தலையில் கவிழ்த்தாள். சரியாக ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் ஈரமாக, மூச்சு வாங்க, அவர் திரும்பி வந்தார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவர் சொன்னதை நாமும் இப்போதைக்கு நம்புவோம்.

மறுநாள் மதியம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பரம சாது. கல்யாணமான இரண்டு வருடத்தில் நானூறு மலைகளைப் பழையது, புதியது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் “புதுசுதான் மாமா நல்லா இருக்கு” என்று சொல்லியே நல்ல பெயர் வாங்கியவர். சாப்பாடு முடிந்ததும் திலகம் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தார். பெரிய திரையில் மலைகள் வரிசையாகத் துலங்கின. கடைசியாக வந்தது முழுக்க வெள்ளையாக ஒரு படம்.

“இது நான் எடுத்தது. நீங்க நடக்கப் போயிருந்தப்ப” என்றாள் மனைவி. “இதை ஒண்ணும் பண்ணாதீங்க. எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு. அமைதியா இருக்கு.”

“அமைதியா? இதுக்குள்ள ஒரு ஏரியே ஒளிஞ்சிருக்கு. ஒரே ஒரு இழுப்பு!”

இழுத்தார். முப்பதில் ஏரியின் கரை எட்டிப் பார்த்தது. ஐம்பதில் மரங்கள் வந்தன. அறுபத்தைந்தில் நீலக் கூரை ஒன்று முளைத்தது.

“ஏதோ கடை மாதிரி இருக்கே” என்றாள் மகள்.

“கடைதான். இவ்வளவு தூரத்துல இருக்கறதைக் கூடப் பிடிக்குது பாத்தியா! நம்ம கேமரான்னா சும்மாவா?” எண்பதுக்குப் போனார். கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. “அந்தக் கலரைப் பாருங்க மாப்பிள்ளை! எப்படித் தனியாத் தூக்கி நிக்குது! இருங்க, பெருசு பண்ணிக் காட்டறேன்.”

பெரிதாக்கினார்.

டிவிக்குப் பக்கத்து ஆணியில் அந்த ஆரஞ்சுத் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. மகள் தொப்பியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி தொப்பியைப் பார்த்தாள். பழையது, புதியது. அவளுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே?

திலகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் தானாக இடது பக்கம் நகர்ந்தது. எண்பது எழுபதாகி, எழுபது நாற்பதாகி, ஏரி மறுபடி வெள்ளைக்குள் போக ஆரம்பித்தது.

“ரொம்ப இழுத்துட்டேன் போல” என்றார். “அவ்வளவு போகக் கூடாது. மலைன்னா ஒரு மூட்டம் இருக்கணும். என்ன மாப்பிள்ளை, அதுதானே அழகு?”

இருபத்தாறு வருட உத்தியோகத்திலும் பதினோரு வருட மென்பொருளிலும் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம். அவர் காதுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது.

“மாப்பிள்ளை, நீங்க இழுங்க” என்றாள் மனைவி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திலகம் பயந்ததே அந்தச் சாதாரணத்துக்குத்தான்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி மவுஸைப் பிடித்தார். “மாமா, வலது பக்கம்தானே?”

அதுவும் கிண்டல் இல்லை. அந்தப் பிள்ளை உண்மையாகவே கேட்டது. கேட்டுவிட்டு ஒரே இழுப்பில் நூறுக்குப் போய்விட்டது. இரண்டு வருடம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தது வீண் போகவில்லை. தொப்பிக்குக் கீழே முகம் வந்தது. முகத்துக்குக் கீழே, வலது கையில் ஒரு கோன் ஐஸ்கிரீம். இடது கையில் இன்னொன்று.

“ரெண்டு!” என்றாள் மகள்.

“ஒண்ணு உங்கம்மாவுக்கு வாங்கினது” என்றார் திலகம். “மேல ஏறி வர்றதுக்குள்ள கரைஞ்சிடுமேன்னுதான்…”

“அப்ப முகத்துல அந்த வேர்வை?” என்றாள் மனைவி.

“கீழ ஒரு குழாய் இருந்தது.”

சிரித்துச் சிரித்து மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று அனுமதிக்காகச் சுற்றிலும் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. அந்த இரண்டு கோன்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆறு மாசங்க” என்றாள். “கல்யாண வீட்ல எல்லாருக்கும் கொடுத்தப்பக்கூட வேணாம்னு சொல்லி வெச்சிட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

திலகத்துக்கு வெட்கமாகிவிட்டது. மாட்டிக்கொண்ட வெட்கம் இல்லை, அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். இவள் தினமும் மறுத்ததை ஒரு நாள்கூடக் கவனிக்காமல் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற மலையைத் துலக்கிக்கொண்டிருந்தோமே என்கிற வெட்கம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “தப்புதான்” என்று மட்டும் வந்தது.

அன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் கடையில் மனைவி வரிசையாக மூன்று வாங்கிச் சாப்பிட்டாள். எதிரே கைகட்டி உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பொட்டு மூட்டம் இல்லை.

மறுநாள் அந்தப் படத்தை மூன்றடி அகலத்துக்கு அச்சடிக்கக் கொடுத்தாள். அச்சகக்காரர் கணினியில் பார்த்துவிட்டு, “கீழ மூலையில யாரோ ஒருத்தர் உட்கார்ந்து காட்சியைக் கெடுக்கறாரு மேடம், அழிச்சிடட்டுமா?” என்று கேட்டார். பின்னால் நின்ற திலகத்தின் கண்ணில் ஒரு நம்பிக்கை மின்னியது. “வேணாம், அவர் அங்கயே இருக்கட்டும்” என்றாள் அவள். இருக்கிறார், இன்றைக்கும், ஃபிரிட்ஜுக்கு நேர் மேலே.

புதன்கிழமை டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, “இனிப்பு எதுவும் சாப்பிடலையே?” என்றார். திலகம் மனைவியைப் பார்த்தார். பிறகு தாமே தம் கைபேசியை எடுத்துப் படத்தை நீட்டினார். டாக்டர் அதை விரலால் விரித்து விரித்துப் பார்த்து, “அருமையான தெளிவு” என்று பாராட்டி, ஊசிக்கு எழுதிக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கடையில் அவர் சாப்பிட்டது இரண்டோடு நின்றதா, படம் எடுப்பதற்கு முன்னால் இன்னும் ஏதாவது உள்ளே போயிருந்ததா, இதை நான் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்று படிக்கும்போது உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்களை நான் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை மலைக்குப் போகும்போது கேமராவை யார் கழுத்தில் மாட்டிவிட்டு வருகிறீர்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.