கொழும்புக் கோயிலில் நான் எழுந்து நின்றது

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோயிலுக்குப் போகணும், திரும்பி வரணும்.

ராஜபாளையத்துல வத்தல் வியாபாரம் பண்ணுற ராஜு முதலாளி ஒருத்தர்கிட்ட நான் குமாஸ்தா. மிளகாய் மூட்டைகளோட என்னைக் கொழும்புக்கு அனுப்பும்போதே, "அடேய், அங்க போயி வாயைக் குடுத்து மாட்டிக்கிடாதே!"ன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. முதலாளி என்னை நல்லா அறிஞ்சவரு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது. தமிழ்க் கிறிஸ்தவக் கோயில் எங்க இருக்குன்னு விசாரிச்சுப் போயி, கடைசி பெஞ்சுல உக்காந்தேன். ரயில்லயும் கப்பல்லயும் தூக்கம் கெட்டவன். வேதபாடம் வாசிக்கும்போதே கண்ணு சொக்கிருச்சு.

இந்த இடத்துல எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சபைகளோட வழக்கத்தைச் சொல்லணும். வெளியூர்க்காரங்க வந்திருந்தா, போதகர் நடுவுல ஊர்ப் பேரைச் சொல்லுவாரு. "சேத்தூர்"னா சேத்தூர்க்காரர் எழுந்து எல்லாரையும் பாத்துக் கும்பிடணும். சபையே திரும்பிப் பாக்கும். அந்த ஒரு நிமிசத்துக்காகவே வெளியூர்க் கோயிலுக்குப் போறவன் நான்.

அரைத் தூக்கத்துல போதகர் குரல் கேட்டுச்சு. "ஸ்ரீவில்லிபுத்தூர்..."

நான் அந்த ஊருன்னு இவருக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சேனா? இல்லை! கடல் தாண்டி வந்தும் நம்ம ஊருக்கு இம்புட்டு மரியாதையான்னு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. கண்ணைத் தொடைச்சு, சட்டையை இழுத்துவிட்டு, கம்பீரமா எழுந்து நின்னு கும்பிட்டேன்.

சபை திரும்பிப் பாத்துச்சு. ஆனா ஒரு முகத்துலயும் சிரிப்பு இல்லை.

போதகர் கண்ணாடியைக் கழட்டினாரு. "உமக்கு ஆட்சேபனை உண்டா?"

"ஐயா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்!"ன்னேன் சத்தமா.

முன் பெஞ்சுல ஒரு அம்மா "ஏசப்பா!"ன்னு நெஞ்சுல கையை வச்சாங்க. பக்கத்துல இருந்தவர் என் வேட்டியைப் பிடிச்சு இழுத்து மெதுவாச் சொன்னாரு. "ஓய், இப்ப வாசிச்சது கலியாண அறிவிப்பு. மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர். தடை சொல்லுறவங்க மட்டும்தான் எழுந்திரிக்கணும்!"

நான் தொப்புன்னு உக்காந்தேன். போதகர் நோட்டை மூடிட்டாரு. "சாயங்கால ஆராதனைக்கு முன்னாடி என்னை வந்து பாரும். அதுவரைக்கும் இந்தக் கலியாணப் பேச்சு நிக்கட்டும்."

வெளியே வந்ததும் பொண்ணோட அப்பா சாமுவேல் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தூத்துக்குடியில இருந்து வந்து கொழும்புல ஜவுளிக்கடை வச்சிருக்கவரு. நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாசல்ல வச்சுப் பேச வேண்டாம் தம்பி. வீட்டுக்கு வாரும், சாப்பிட்டுப் பேசுவோம்."

நாலு பேரு சுத்தி நின்னு கூட்டிட்டுப் போனாங்க. விருந்தாளியா கைதியான்னு எனக்கே தெரியலை. ஆனா ஆட்டுக்கறி வாசம் தெருமுக்குலயே வந்துச்சு. வயிறு எனக்கு முன்னாடி நடந்துச்சு.

கை கழுவக் கிணத்தடிக்குப் போனேன். மாப்பிள்ளை ஜேசுதாசன் பின்னாடியே ஓடி வந்தாரு. துறைமுக ஆபீஸ்ல கிளார்க்கு. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"அண்ணாச்சி, நம்ம ஊருக்காரரு நீங்களே கழுத்தை அறுக்கலாமா? மெட்ரிகுலேசன்ல மூணு தடவை பெயிலானது நெசந்தான். இவியகிட்டப் பாசுன்னு சொல்லிட்டேன். சொல்லிராதீங்க!"

"ஐயோ, உங்களை எனக்கு யாருன்னே தெரியாதே!"

அவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "அட நாசமாப் போற மனுசா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

இலையில உக்காந்தேன். பொண்ணு கிரேஸ் குழம்பு ஊத்த வந்தவ, குனிஞ்சு காதோரமாச் சொன்னா. "அண்ணே, பரீட்சை விசயந்தானே? அவிய எழுதுன இங்கிலீசுக் கடுதாசியைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன். எனக்குத் தெரியும்கிறதை அவியகிட்டச் சொல்லிராதீங்க. மனசு உடைஞ்சிருவாக."

இன்னும் ரெண்டு துண்டுக் கறி விழுந்துச்சு.

சாப்பிட்டு எழுந்தா, சாமுவேல் என்னை உள்ரூமுக்குக் கூட்டிப் போயி கதவைச் சாத்தினாரு. இவருகிட்டயாச்சும் உண்மையைச் சொல்லித் தப்பிச்சிருவோம்னு, "ஐயா, நான் எழுந்திரிச்சது..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தெரியும் தம்பி. எம்மக வயசு விசயந்தானே? ஊருல யாரோ சொல்லிருக்காக. இருபத்திரெண்டுன்னு சொன்னோம். இருபத்தாறு ஆவுது. மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட்டுராதேயும். பெத்தவன் கும்பிட்டுக் கேக்கேன்!"

நெசமாவே கும்பிட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. காலையில ஒருத்தரையும் தெரியாம வந்தவன் நான். மத்தியானத்துக்குள்ள மூணு உயிர்ச் சிநேகிதம்! மூணு பேரும் என் கையைப் பிடிச்சாச்சு. நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னா ஒரு கலியாணமே நின்னுரும்.

சாயங்காலம் போதகர் முன்னாடி நின்னேன். மூணு பேரும் வாசல்ல நின்னு என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"இந்தச் சம்பந்தத்துல ஒளிவுமறைவு ஏதாச்சும் உமக்குத் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. ஊர்ப் பேரைக் கேட்ட சந்தோசத்துல எழுந்திரிச்சிட்டேன்."

போதகர் என்னை மேலும் கீழுமாப் பாத்துட்டுச் சிரிச்சாரு. நோட்டைத் திறந்து, நின்னுபோன அறிவிப்பைச் சாயங்கால ஆராதனையில முழுசா வாசிச்சாரு. நான் பெஞ்சை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினாங்க.

காலையில ஒண்ணும் தெரியாம எழுந்து நின்னேன், கலகக்காரன்னாங்க. சாயங்காலம் எல்லாம் தெரிஞ்சு கோயில்ல வச்சே பொய் சொன்னேன், நல்ல விசுவாசின்னாங்க.