லாகின் கான்வாய்

மனித இனம் கதவைக் கண்டுபிடித்தது சாதாரண விஷயம். கதவுக்கு முன்னால் ஆட்களை நிறுத்திவைக்கக் கற்றதுதான் நாகரிகம். அந்த நாகரிகத்தை இன்டர்நெட்டுக்குள் முதன்முதலாகக் குடியேற்றிய பெருமை, அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில், கூரை ஒழுகலுக்கு மூன்று வாளிகள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்கே உரியது.

லாரன்ஸ் அங்கே ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'புதுப்பிக்கப்படுபவர்'. பள்ளிப் பிள்ளைகளுக்காக 'தீவுத் தோணி' என்றொரு கேமை அலுவலகம் வெளியிட இருந்தது. அலையாத்திக் காட்டு ஓடையில் தோணி விட்டு, மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். வருகிற பிள்ளை யாரென்று சரிபார்த்து உள்ளே விடும் ஏபிஐ என்ற புரோகிராமை எழுதுவது லாரன்ஸின் வேலை. தொடக்க விழாவில் பாராடாங் பள்ளியின் இருபத்து மூன்று பிள்ளைகளும் உள்ளே போய்விட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். இல்லையென்றால், அதே ஊரின் மின்னி பே பகுதியில் பிறந்து வளர்ந்தவர் வேலை தேடி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

எட்டு நாளில் எழுதி முடித்தார். மேற்பார்வை அதிகாரி சொக்கலிங்கம் கோப்பைத் திறந்தார்.

"இந்த கிளவுட் சர்வர் எங்க இருக்கு?"

"மும்பைல சார், வாடகைக்கு."

"அப்ப மேஜை நாற்காலிக்கெல்லாம் போடுற நம்ம ஸ்டாக் நம்பரை எதுல பெயிண்ட் அடிக்கிறது?"

இதை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இன்றும் அது சிறப்பாக இயங்குகிறது.

"சரி, ஒரு பிள்ளை உள்ள போக எவ்வளவு நேரம்?"

"ரெண்டே செகண்ட், சார்." லாரன்ஸ் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார். தப்பு அங்கேதான் நடந்தது.

"ரெண்டு செகண்டா? அரே லாரன்ஸ், அது செக்கிங்கா, கேட்டைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறதா?"

சொக்கலிங்கம் இருபத்திரண்டு வருடம் போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர். பாராடாங் போகும் காட்டுச் சாலையில் வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. கேட்டில் நிறுத்தி, எண்ணி, குறித்த நேரத்துக்கு, முன்னால் ஒரு பைலட் வண்டியோடு கான்வாயாக அனுப்புவார்கள். ஓவர்டேக் கூடாது. உலகத்தில் அவர் முழுமனதாக நம்பிய ஏற்பாடு அது ஒன்றுதான். அவர் மகள் கல்யாணப் பந்தியே அப்படித்தான் நடந்தது.

"லாகினும் கான்வாயாப் போகட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. முன்னால இருக்கிறவன் உள்ள போகாம பின்னால இருக்கிறவன் முந்தக் கூடாது."

"சார், அது காடு. இது இன்டர்நெட்."

"காட்டுல எது எங்கேருந்து வரும்னு தெரியாது. இன்டர்நெட்ல தெரியுமா?"

லாரன்ஸும் இன்டர்நெட் பார்ப்பவர்தான். உட்கார்ந்து ஏபிஐக்குள் கேட் கட்டினார்.

விழா நாள். ஒன்பது மணி கான்வாய். ஹேடோ மேடையில் செகரட்டரி; பாராடாங் பள்ளியில் ஸ்கிரீன் முன்னால் பிள்ளைகள். பைலட்டாகச் சொக்கலிங்கமே முதலில் லாகின் செய்வார். அவருடைய பாஸ்வேர்டு 'பாதுகாப்பு கருதி' உறையில், அரக்கு முத்திரையோடு, இரும்பு பீரோவில் இருந்தது. பீரோ சாவி கிளார்க் நாகராஜிடம் இருந்தது. நாகராஜ் லீவில், நடுக்கடலில், சென்னைக் கப்பலில் இருந்தார்.

சொக்கலிங்கம் ஞாபகத்தை நம்பினார். மனைவி பெயர். தவறு. மகள் பெயர். தவறு. ஸ்கூட்டர் நம்பர். தவறு.

லாரன்ஸின் போன் அதிர்ந்தது. பாராடாங் பள்ளி டீச்சர் ஜோஸ்லின்.

"அண்ணே, ஒம்போதரை ஆச்சு. ஸ்கிரீன்ல தோணி நின்ன இடத்துலயே நிக்குது. பிள்ளைங்க துடுப்புப் போடுற மாதிரி கையை ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. இந்த உதயா ஒண்ணுக்குக்கூடப் போகமாட்டேங்கிறா. திரும்பி வர்றதுக்குள்ள தோணி போயிருமாம்."

லாரன்ஸ் மேடையோரம் குனிந்தார். "சார், பிள்ளைங்களை மட்டும் முந்த விடலாமா?"

"பைலட் இல்லாம கான்வாயா? தமாஷ் பண்றியா?" சொக்கலிங்கம் ஒன்பதாவதாக மாமியாரின் பெயரை அடித்தார். தவறு.

லாரன்ஸ் மேஜைக்கடியில் லேப்டாப்பைத் திறந்தார். உதயாவை நினைத்தார். கேட்டை ஒரே வரியில் கழற்றினார்.

இரண்டு செகண்டில், போனுக்குள்ளிருந்து இருபத்து மூன்று தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. செகரட்டரி கைதட்டினார். 'கான்வாய் முறையின் மகத்தான வெற்றி' என்று சொக்கலிங்கத்துக்குச் சால்வை போர்த்தப்பட்டது. சால்வைக்குள்ளிருந்தபடியே அவர் பத்தாவது பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லாரன்ஸுக்கு மெமோ வந்தது: 'அனுமதியற்ற ஓவர்டேக்கிங், எண்ணிக்கை 23.'

"பிள்ளைங்க எல்லாம் உள்ள போயிட்டாங்களே, சார்! அதுதானே கண்டிஷன்?"

"உள்ள போகலையே லாரன்ஸ். முந்திப் போயிருக்காங்க," என்றார் சொக்கலிங்கம், உண்மையான வருத்தத்தோடு.

இரவு ஜோஸ்லின் செய்தி அனுப்பியிருந்தாள். உதயாதான் முதலிடம். பொறுக்கிய பாட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்கப்புறம்தான் ஒண்ணுக்குப் போனாளாம்.

மறுநாள் காலை லாரன்ஸ் வழக்கம்போல ஆபீஸ் கம்ப்யூட்டரில் லாகின் செய்தார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. கணக்கை நீக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததைத் தொழில் பழக்கத்தில் பார்த்தார்.

இதற்குக் கான்வாய் தேவைப்படவில்லை. பைலட் தேவைப்படவில்லை. கப்பலில் போன நாகராஜுக்காகக்கூட யாரும் காத்திருக்கவில்லை. உத்தரவு போட்டதும் வேலை முடிந்திருந்தது.

ரெண்டே செகண்ட்.