பூஞ்சைக்கு அப்பா போட்ட உரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையாவது விளக்க ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், சொல்ல வேண்டியதைத் தவிர. இந்தப் பழக்கத்தால் என் முனைவர் பட்டம் ஒரே காலையில் மொட்டை மாடியிலிருந்து கீழே விழப் பார்த்தது.

அப்போது நான் வேர்ப்பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். செடியின் வேருக்குள்ளேயே குடியிருக்கும் பூஞ்சை. மண்ணில் வேருக்கு எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்தான்) இழுத்து வந்து செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சோறு போடும். தனியாக வளர்க்கவே முடியாது. அதனால்தான் பன்னிரண்டு தொட்டிகளில் சோளம் விதைத்து, அதன் வேரில் பூஞ்சையைக் குடியேற்றியிருந்தேன். கல்லூரியில் வைத்தால் குரங்குகள் பிடுங்கிப் போட்டன (மலையடிவாரக் கல்லூரி, அங்கே அவைதான் நிர்வாகம்). ஆகவே தொட்டிகள் எங்கள் வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தன.

நான்கு மாதம் வளர்த்தாயிற்று. இன்னும் ஒரு மாதத்தில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை வந்து பூஞ்சையின் வித்துகளை எடுத்துப் போவார், அதன் டி.என்.ஏ. முழுவதையும் படிப்போம். அது நடந்தால்தான் எனக்குப் பட்டம். ஆனால் அந்த ஒரு மாதமும் எனக்குச் சென்னையில் பயிற்சி. தொட்டிகளை அப்பாவிடம் ஒப்படைத்தேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடுகிறவர், அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

கிளம்பும் முன் ஒரு மணி நேரம் விளக்கினேன்.

"இதோட இழைக்குள்ள தடுப்புச் சுவரே கிடையாதுப்பா. ஆயிரக்கணக்குல உட்கரு, எல்லாம் ஒரே மண்டபத்துல கல்யாணக் கூட்டம் மாதிரி சுத்தினு இருக்கும்."

"அப்டியா!"

"அந்த டி.என்.ஏ. மடிஞ்சிருக்கற அழகப் பாக்கணும்! ரெண்டு பாகம். ஒண்ணு நம்ம பீரோ மாதிரி, அன்னாட வேலைக்கு வேண்டிய ஜீனெல்லாம் அடுக்கா இருக்கும். இன்னொண்ணு பரண். எடம் மாறித் தாவற துண்டுங்க கண்டபடி கெடக்கும். ஆனா விருந்தாளி வந்தா எடுக்கற அண்டா எங்க இருக்குது? பரண்லதான? செடிகிட்ட நைசா பேசி உள்ள நுழையற ஜீனுங்க நெறைய அங்கதான்பா இருக்குது!"

"பரண சுத்தம் பண்ணுனு சொல்லி ஆறு மாசம் ஆவுது" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

"நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பேராசிரியையின் காரிலேயே வந்து இறங்கினேன். வழி நெடுக என் பூஞ்சையின் பெருமையைப் பேசியதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மாடிப்படியில் காத்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. வந்து பாருங்க!"

சோளம் கரும்பச்சையில் ஆள் உயரம் நின்றது.

"பாப்பா உட்டுட்டுப் போனப்ப சோகையா இருந்துச்சுங்க மேடம். மனசு கேக்கல. மல்லாட்டைக்குப் போட்டு மீந்த டிஏபி இருந்துச்சு. வாராவாரம் ஒரு சிட்டிகை!"

டிஏபி உரத்தில் பெரும்பங்கு மணிச்சத்துதான். அது வீடு தேடி வந்த பிறகு, செடி எதற்குப் பூஞ்சைக்குச் சோறு போடும்? கதவைச் சாத்திவிடும்.

அம்மாவின் பால் பாத்திரத்தில் வேர்களை வேகவைத்து, உள்ளே பூஞ்சை இருந்தால் தெரிய நீல மை ஊற்றி, பேராசிரியை கொண்டுவந்த நுண்ணோக்கியில் பார்த்தோம். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தோம். புது வேரெல்லாம் துடைத்துவிட்டது போலக் காலி. நான் அழுதேன், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

"யாருப்பா உன்ன உரம் போடச் சொன்னது?"

"போடாதன்னு நீ சொல்லலயேம்மா" என்றார் அப்பா, முகம் வாடி. "மண்டபம் சொன்ன, பீரோ சொன்ன, பரண் சொன்ன. உரம் போடாதன்னு சொல்லவே இல்லயே."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பேராசிரியை சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அப்போது அம்மா கேட்டார்: "தண்ணி டேங்குக்குப் பின்னால ஒண்ணு இருக்குதே, அது வேணாமா? துணி காயப்போட எடமில்லன்னு நான்தான் நகத்தி வெச்சேன். அதுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தனேன்."

ஓடினேன். பன்னிரண்டாவது தொட்டி! அதிர்ச்சியில் நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் பூத்து, முழங்கால் உயரத்தில், பார்த்தாலே பாவமாக இருந்தது அந்தச் சோளம். வேரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கிளை கிளையாக நீல மரங்கள்! மண்ணைச் சலித்தால் வித்துகள் கொட்டின. நான் குதித்த குதியில் கொடியிலிருந்த அம்மாவின் புடவை என் தலையில் விழுந்தது. பேராசிரியையும் குதித்தார். எதற்கென்று தெரியாமல் அப்பாவும் கை தட்டினார். அந்த ஒரு தொட்டியில்தான் என் பட்டம் முளைத்தது.

அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அப்பா கையை உயர்த்திவிடுவார்: "இரும்மா. உரம் போடலாமா, வேணாமா? மொதல்ல அத சொல்லு." என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு அவர் தனியாகச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

போன வாரம் என் எட்டு மாதக் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தூக்கம், பால், கூழ் என்று நான் ஆரம்பித்ததுமே காகிதமும் பேனாவும் எடுத்து நீட்டினார்.

"இன்னா குடுக்கக் கூடாது, அத மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ."

முதல் வரியாக 'டிஏபி' என்று எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.