உள்ளே எத்தனை டிகிரி?

தென்காசி வட்டாரத்தில் காய்ச்சலே வராத பொருள்களுக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் பள்ளிக்கூடத்து டிகிரி சார்தான். என்னோடு வேலை பார்த்த இயற்பியல் வாத்தியார். டீ வந்தால் முதலில் கருவியை முக்குவார், எண் பிடித்தால்தான் குடிப்பார். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரே அருவியில் தலையை நீட்டும், இவர் தெர்மாமீட்டரை நீட்டுவார்.

"அண்ணாச்சி, குளிக்குதீரா, இல்ல அருவிக்கு வைத்தியம் பாக்குதீரா?" என்று பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள்.

எனக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது மேலகரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து கெட்டால் என் உடம்பும் கெடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். விஷயம் டிகிரி சார் காதில் விழுந்தது. மறுவாரமே தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். மூடியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு.

"கரண்டு விட்டா இதுக்கு ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அவ்வளவுதாம்வே."

குளிர்ந்தது. மறுநாள் மருந்து கட்டியாக உறைந்து கிடந்தது. குப்பையில் போட்டோம்.

"எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியலவே. சூடு பாக்கக் கத்துக் குடுத்துருவோம்."

தனியாக ஒரு சென்சார் வைத்திருக்கலாம். அவர் கேட்பாரா?

"காய்ச்சல் உமக்குன்னா பக்கத்து வீட்டுக்காரன் நெத்தியவா தொடுவாவ?"

கரண்டை ஒரு கணம் நிறுத்தினால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில் அந்தச் சில்லே துளி கரண்டு கொடுக்குமாம், அதை அளந்தால் போதுமாம். நன்றாகத் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

புதுப் பெட்டியில் எண் எரிந்தது: இருபது.

"ஐயோ, மருந்து கெட்டுருமே!"

"அது வித்தியாசம்வே! வெளிய இருபத்தாறு. அதுல இருபதக் கழியும். உள்ள ஆறு."

அன்றிலிருந்து ஊசிக்கு முன்னால் கழித்தல் கணக்கு. சாரலுக்கு ஒரு விடை, வெயிலுக்கு ஒரு விடை. நானோ தமிழ் வாத்தியார். தலை சுற்றினால் சர்க்கரையாலா கணக்காலா என்றே தெரியாது.

ஒருநாள் வகுப்பு நடுவில் வீட்டுக்கார அக்கா போன் செய்தார். "சார், உங்க பொட்டி சைபர் காட்டுது! ஐஸாயிட்டு போல. மருந்த எடுத்து அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கேன், பயப்படாதீய!"

டிகிரி சாரின் பைக்கில் பறந்தோம். பாதி வழி கையை விட்டுவிட்டுத்தான் விளக்கினார்.

"சைபர்னா உறையலவே, வித்தியாசமே இல்லன்னு அர்த்தம்! கரண்டு போயிருக்கும். எண்ணு மட்டும் பேட்டரியில எரியுது. உள்ளயும் வெளியவும் ஒண்ணு."

"அப்ப மருந்து?"

"இந்தச் சாரல் குளிருக்குப் பொட்டியிலயே கெடந்திருந்தா தப்பிச்சிருக்கும். அடுப்புப் பக்கத்துலன்னா..."

அப்போதுதான் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து போய்விட்டது. அவரே திரும்பத் தென்காசிக்குப் போய், தொப்பலாக நனைந்து புது மருந்து வாங்கி வந்தார். அன்றைக்கே கௌரவத்தை விட்டு, சாதாரண சென்சார் ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டினார். எண் அவர் போனுக்கே வரும்படி செய்தார்.

"இனி நீரு எதையும் கழிக்காண்டாம். எண்ண நான் பாத்துக்கிடுதேன், நீரு ஊசியப் போடும்."

இப்போது அவர் சுரண்டைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். தினமும் காலையில் போன் வரும்.

"ஆறு காட்டுதுவே. சாப்ட்டீரா?"

நான் ஃபிரிட்ஜ் வாங்கி வெகுநாளாகிறது. மருந்தெல்லாம் அதில்தான். அந்தப் போன் நின்றுவிடக் கூடாதே என்று, காலிப் பெட்டியை இன்னும் அணைக்காமல் வைத்திருக்கிறேன்.