எட்டாவதும் மனுசர்தானே

கலையார்வமோ? ஆருக்கு, ஞானேஸ்வரனுக்கோ? நல்லாச் சொன்னாய் கீர்த்திகா. அந்த மனுசனுக்குத் தில்லானா எது, இடைவேளை எது எண்டு தெரியாது. போன முறை ஒரு அரங்கேற்றத்திலை பிள்ளை உடுப்பு மாத்தப் போன நேரம் எழும்பி நிண்டு கைதட்டினவர், முடிஞ்சுதாக்கும் எண்டு. அப்பிடிப்பட்ட ஆள் இண்டைக்குக் கோலியர்ஸ் வுட்டிலையிருந்து ஃபாரஸ்ட் கேட்டுக்கு, லண்டனின்ரை அந்தத் தொங்கலிலையிருந்து இந்தத் தொங்கலுக்கு, கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரெண்டால் அதுக்குக் காரணம் பரதநாட்டியமில்லை. பந்தடி, கால்பந்து.

சிரிக்காதை. நம்பாட்டிப் போ. பெண்சாதி ஜெயகௌரி எனக்கு ரெலிபோனிலை வசனம் வசனமாச் சொன்ன கதை இது. உள்ளை அரங்கேற்றத்திலை இன்னும் தில்லானாவே துவங்கேல்லை, நேரம் கிடக்கு. தட்டுகளைத் துடைச்சுக்கொண்டு கேள்.

ஞானேஸ்வரன் பஸ் ஓட்டுற மனுசன். கிழமையிலை அஞ்சு நாள் விடிய நாலரைக்கு டிப்போவிலை நிக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கவும் மரக்கறி வாங்கவும் போயிடும். அவருக்கெண்டு மிஞ்சிறது ஒரே ஒரு சனிக்கிழமை. அதுக்கு இரண்டு பேர் அடிபடுகினம். ஒண்டு, அவற்றை பந்தடிக் கிளப். வந்த காலத்திலை ஆரோ வெள்ளைக்காரன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டின இரண்டாந்தரக் கிளப். பத்தொன்பது வருசமா மேலையும் போகாமல் கீழையும் விழாமல் நடுவிலை நிண்டு மூச்சு வாங்குது. அவரைப் போலைதான். மற்றது, எங்கடை சனம்.

எங்கடை சனத்துக்குக் குளிர் விட்டால் காணும். சாமத்தியவீடு, கலியாணம், அரங்கேற்றம், புதுவீடு குடிபூரல், அறுபதாம் பிறந்தநாள். ஒரு சனிக்கிழமையும் சும்மா விடாயினம். எங்கடை ஆக்களிலை செபமாலைமுத்தர் எண்டொருத்தர் ஒருக்கால் களைப்பிலை கலியாண ஹோல் மாறிப் போய், வாழ்த்தி, வயிறாரச் சாப்பிட்டு, மேடையிலை ஏறிப் படமும் எடுத்துப்போட்டுத்தான் பாத்தவர், பொம்பிளை மாப்பிளை இரண்டும் குஜராத்திப் பிள்ளையள். அதுகள் நல்ல சனம். அடுத்த வருசம் பிள்ளைப் பிறந்தநாளுக்கும் கூப்பிட்டவை. இவரும் போனவர். எங்கை விட்டனான்? ஓம், சனிக்கிழமை.

மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரே கோடையிலை ஞானேஸ்வரனுக்கு இருபத்திரண்டு சனிக்கிழமை ஹோலிலை போச்சு. இருபத்திரண்டாவதிலை மனுசன் சோத்துக் கியூவிலை நிண்டபடி நித்திரை. பின்னாலை நிண்டவர் முதுகிலை தட்ட, கண்ணைத் திறக்காமலே, “கடைசி ஸ்டொப், எல்லாரும் இறங்குங்கோ” எண்டாராம்.

அடுத்த நாள் காலமை குசினிக்குள்ளை பிரகடனம்.

“கௌரி, இனி எனக்கு ஏலாது. சொந்தக்காரரை வரிசைப்படுத்தப் போறன். லீக்கிலை போடுற மாதிரி. முதல் ஆறு வீட்டுக்கு நேரை போவம். ஏழாவதிலையிருந்து ரெலிபோனிலை வாழ்த்து.”

“ஏனப்பா ஆறு?”

“பந்தடியிலை அப்பிடித்தான். முதல் இரண்டு கிளப்பும் நேரா மேல்பிரிவுக்குப் போகும். மூண்டாவதிலையிருந்து ஆறாவது வரைக்கும் வந்தவை பிளே-ஓஃப் எண்டு தங்களுக்கை ஆடி, வெல்லுற ஒராள் மேலை போகலாம். ஏழாவதுக்குக் கதவு பூட்டு. எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி.”

வரிசை எழுதி ஃபிரிட்ஜிலை ஒட்டினார். முதல் ஆறிலை நாலு அவற்றை பக்கம். ஆறாவதா ஸ்ரீஸ்கந்தராஜா, அவற்றை பெரியப்பாவின்ரை மகன். வருசத்திலை ஒருக்கால் எடுத்து, “உங்கடை றோட்டிலை கார் விட இடமிருக்கோ?” எண்டு கேட்டுப்போட்டு வைக்கிற சொந்தம். ஏழாவதா ஆர் தெரியுமே? கனகாம்பிகை.

இண்டைக்கு உள்ளை ஆடுறாளே ஜதுர்ஷிகா, அவளின்ரை தாய்தான். கௌரிக்கு ரத்த உறவில்லை. ஆனா கலியாணத்துக்கு முன்னம், லண்டனுக்கு வந்த புதிசிலை, இரண்டுபேருக்கும் ஒரு அறை, ஒரு குளிர்க் கோட்டு. விடிய வேலைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போறவ கனகாம்பிகை. பின்னேரம் பஸ் ஸ்டொப்பிலை கழட்டிக் குடுக்க, அந்தச் சூட்டோடையே கௌரி போட்டுக்கொண்டு தன்ரை ஷிப்டுக்குப் போவா. இரண்டு பனிக்காலம் அப்பிடி. அவவைப் போய் ஏழாவதிலை போட்டு வைச்சிருக்கிறார் மனுசன்.

கௌரி வாசிச்சா. “சரி” எண்டா. கௌரி ஒரு சொல்லிலை சரி எண்டால் நாங்களெல்லாம் பயப்பிடுவம். ஞானேஸ்வரன் தேத்தண்ணி குடிச்சவர்.

பேந்து போன வருசம் வந்துது. கிளப் நாப்பத்தாறு மட்ச் ஆடி, ஒரே ஒரு கோல் வித்தியாசத்திலை ஏழாவது. மனுசன் மூண்டு நாள் சோறு தண்ணியில்லை. இல்லை, தண்ணி குடிச்சவர். அந்த நேரம் பாத்துக் கிளப்பிலையிருந்து ஈமெயில்: பிளே-ஓஃபை எட்டாவது இடம் வரைக்கும் நீட்டலாமோ எண்டு ஒரு கதை அடிபடுது, ரசிகர்மார் என்ன நினைக்கிறியள்?

மனுசனுக்கு உயிர் வந்திட்டுது. பதிலைத் தான் ஒத்தை விரலாலை தட்டினால் அடுத்த வருசம்தான் முடியும் எண்டு கௌரியைக் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருத்தினவர். கௌரி லேசிலை எழுதினாவோ?

“ஏழாவதா வந்தவன் ஏழாவதுதானேயப்பா. அவனுக்கு என்னத்துக்குக் கதவு திறக்கவேணும்?”

“கௌரி! ஒரு கோல்! வருசம் முழுக்க உழைச்ச ஆளை ஒரு இலக்கத்தைக் காட்டி வெளியிலை விடுறதோ? இதயமில்லாத வேலை.”

“எழுதட்டே?”

“எழுதும்.”

“அப்ப எட்டாவது?”

“எட்டாவதும் மனுசர்தானே!”

“எழுதட்டே?”

“எழுதும், எழுதும்.”

“மட்ச் கூடினால் ஆக்கள் களைச்சுப் போவினமே.”

“உண்மையான பாசம் இருக்கிறவனுக்குக் களைப்பு வராது.”

“தூர தூரமெல்லாம் போகவேண்டி வரும்.”

“போறதுதான். தூரத்தைப் பாத்தால் அது பாசமோ?”

“இன்னும் சனிக்கிழமையள் வேணுமேயப்பா?”

ஞானேஸ்வரன் கதிரையை விட்டு எழும்பிட்டார். “சனிக்கிழமை வேறை என்னத்துக்கு இருக்கு? தடிச்ச எழுத்திலை போடும்!”

கௌரி பெருமூச்சு விட்டா. “நீங்கள் சொல்லுறது நியாயம்தான். நான்தான் பிழையா யோசிச்சிட்டன்.”

முப்பத்தொரு வருசக் கலியாண வாழ்க்கையிலை முதல் வெற்றி! மனுசன் குசினிக்கும் ஹோலுக்கும் இடையிலை நாலு தரம் நடந்தவராம், வெற்றிக் கோப்பை தூக்கிற மாதிரித் தேத்தண்ணிக் கெற்றிலைத் தூக்கிக்கொண்டு. கௌரி இரண்டு பிரதி அச்செடுத்தா. “ஒண்டு கிளப்புக்கு, ஒண்டு எங்களுக்கு. கையெழுத்துப் போடுங்கோ.” இரண்டிலையும் போட்டார். ஞானேஸ்வரன் பெரிய கையெழுத்து வைக்கிற ஆள். கீழை இரண்டு கோடு வேறை.

இந்தப் பங்குனியிலை கனகாம்பிகையின்ரை அழைப்பிதழ் வந்துது. ஞானேஸ்வரன் பேரைப் பாத்தார், ஃபிரிட்ஜைப் பாக்காமலே சொன்னார்:

“ஏழாவது. ரெலிபோன் எடுத்து வாழ்த்தும்.”

“ஃபிரிட்ஜைப் பாருங்கோ.”

பாத்தார். வரிசைக்குப் பக்கத்திலை அந்த மற்றப் பிரதி. தடிச்ச எழுத்து. கையெழுத்து. இரண்டு கோடு.

“இது... இது பந்தடிக்கெல்லோ எழுதினது!”

“ஆறு எண்ட விதியைப் பந்தடியிலையிருந்துதானே எடுத்தனீங்கள்?”

“அங்கையே இன்னும் மாத்தேல்லை! கூட்டம் போட்டுக் கதைச்சுக்கொண்டிருக்கினம்!”

“அவை ஆறுதலா மாத்தட்டும். கனக்கக் கிளப், கனக்க ஆக்கள். எங்கடை வீட்டிலை இரண்டுபேர்தானே, கூட்டம் கெதியா முடிஞ்சிட்டுது.”

“ஆறு எண்டால் ஆறுதான் கௌரி! ஏழாவது ஏழாவதுதான்!”

“இதயமில்லாத வேலை” எண்டு வாசிச்சா கௌரி. “இரண்டாவது பந்தி.”

“ஃபாரஸ்ட் கேட் எவ்வளவு தூரம் தெரியுமே?”

“தூரத்தைப் பாத்தால் அது பாசமோ. நாலாவது பந்தி.”

மனுசன் வாயைத் திறந்தார். கௌரி பேப்பரை ஒரு வரி கீழை இறக்கினா. மனுசன் கலண்டரிலை திகதியை எழுதினார்.

இதோடை முடிஞ்சால் பரவாயில்லை. இந்த வருசம் கிளப் என்ன செய்துது தெரியுமே? ஆறாவதா வந்துது! பழைய விதியிலையே, ஆரின்ரை தயவும் இல்லாமல், பிளே-ஓஃபுக்குள்ளை போச்சு. அவற்றை கிளப்புக்கு விதி மாத்தத் தேவையே இருக்கேல்லை. கனகாம்பிகைக்குத்தான் இருந்தது.

அரையிறுதிக்கு டிக்கெற் எடுத்துப்போட்டார். பத்தொன்பது வருசக் காத்திருப்பெல்லோ. திகதி பிறகுதான் அறிவிச்சவை. சனிக்கிழமை பின்னேரம். இண்டைக்கு. வாயைக் குடுக்காமல் இருந்திருந்தால் ஏழாவது வீட்டுக்கு ரெலிபோனிலை ஒரு வாழ்த்தைச் சொல்லிப்போட்டு இப்ப அங்கை நிண்டு கத்திக்கொண்டிருப்பார். தன்ரை கையாலை தானே கதவைத் திறந்து, தன்ரை கோலுக்குள்ளை தானே அடிச்ச ஆளை நான் இப்பத்தான் பாக்கிறன்.

டிக்கெற் என்னாச்சோ? அதைக் கேட்டால் உனக்கு அழுகை வரும். கௌரியின்ரை தம்பி நிர்மலன் எண்டு ஒருத்தன் இருக்கிறானெல்லோ, சுவிசிலை? இந்த அரங்கேற்றத்துக்கெண்டே பிளேனிலை வந்தவன். “டிக்கெற் வீணாப் போகுதேயப்பா, அவன் விருந்தாளி, அவனுக்கு எங்கடை வரிசை செல்லாது” எண்டு கௌரி அவனை மட்சுக்கு அனுப்பிப்போட்டா. அவன் பந்தைக் கண்ணாலை கண்டறியான். வாசலிலை படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், இரண்டு கிளப்பின்ரை பேரும் பாதி பாதி போட்ட சால்வையோடை. உண்மையான ரசிகன் அந்தச் சால்வையாலை மூக்கும் துடையான். ஞானேஸ்வரன் அந்தப் படத்தைப் பாத்துப்போட்டு எனக்குக் காட்டினவர்.

கொஞ்சம் பொறு. வா இஞ்சாலை, இந்தக் கண்ணாடிக்குள்ளாலை எட்டிப் பார். அந்தா, கார் பார்க்கிலை நீலக் கார். வாத்தியக்காரருக்குப் போடுற மாலையை எடுக்கப் போறன் எண்டு போனவர், முக்கால் மணித்தியாலமாச்சு. ரேடியோ கேக்கிறார். பார் முகத்தை. சிரிக்கவும் மாட்டார், அழவும் மாட்டார். ஏனெண்டு கேள். இண்டைக்குக் கிளப் தோத்தால் பத்தொன்பது வருசமும் தண்ணியிலை. வெண்டால் வெம்பிளியிலை இறுதி ஆட்டம். அதுவும் சனிக்கிழமை. அண்டைக்கு மோர்டனிலை எட்டாவது வீட்டுக் கொண்டாட்டம்.

எட்டாவது ஆரெண்டோ? வேறை ஆர், நான்தான். எனக்கு எண்பது முடியுது. என்னைப் போய் எட்டிலை போட்டவர்.

ஐயோ பார், பார்! காரை விட்டுக் குதிச்சிட்டார்! கோல் போட்டாங்கள் போலை. இரண்டு கையும் மேலை போகுது, அந்தா, துள்ளுறார், முழங்கால் போகப்போகுது மனுசனுக்கு... ஏன் நிண்டிட்டார்? கை இறங்குது. ஓம். ஞாபகம் வந்திட்டுது.

இந்தக் கதவை ஒருக்கால் திற பிள்ளை. தம்பி ஞானம்! துள்ளினது காணும், உள்ளை மங்களம் துவங்கப்போகுது, அந்த மாலைப் பெட்டியைக் கொண்டு வாரும்!