பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

கணக்கு வாத்தியார் டிஸ்க்கை உருவிய அந்த நொடியில் பெட்டி கத்த ஆரம்பித்தது.

அதுவரை பிரச்சினை சின்னதாகத்தான் இருந்தது. டி.வி.க்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டிக்குள் நான்கு டிஸ்க்குகள். வீட்டின் போட்டோ, வீடியோ எல்லாம் அதற்குள்தான்; வேண்டியதை டி.வி.யில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை அதன் சின்னத் திரையில் 'டிஸ்க் 2 பழுது' என்று வந்தது. வாத்தியார் அலட்டிக்கொள்ளவில்லை. நான்கில் ஒன்று போனால், மற்ற மூன்றையும் வைத்து அதில் என்ன இருந்தது என்று பெட்டியே கணக்குப் போட்டுவிடும், எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடிப்பதுபோல என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். புது டிஸ்க் வாங்கி வந்தார். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். உருவினார்.

பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு இரண்டு என்றால் நமக்கு மூன்று. செத்ததை உள்ளே விட்டுவிட்டு, உயிரோடு இருந்ததை வெளியே எடுத்துவிட்டார். இப்போது தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடு ஒன்று. விடை வராது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னங்க, அத்தை வீடியோ?" என்றாள் மனைவி.

அதுதான் விஷயம். வாத்தியாரின் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. போட்டோக்களில் அம்மா நிறைய இருக்கிறாள். குரல் மட்டும் ஒரே ஒரு வீடியோவில்தான். கேமரா வாங்கிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்தது. அதைப் பத்திரமாகப் பெட்டியில் போட்டுவைத்ததோடு சரி, ஒரு தடவைகூட வாத்தியார் பார்த்ததில்லை. தைரியம் வரவில்லை. எங்கே போகப்போகிறது, இருக்கிறதே என்ற நிம்மதியில் நாளைக் கடத்திவிட்டார்.

உருவியதைத் திரும்பச் செருகினார். பெட்டி அதை யாரோ வெளியாள் மாதிரி பார்த்து, 'புதிய டிஸ்க். அழித்துச் சேர்க்கவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்துகிற அளவுக்கு வாத்தியாருக்குப் புத்தி இருந்தது. அதற்குமேல் அது உதவவில்லை. தூசியாக இருக்குமோ என்று நான்கையும் வெளியே எடுத்து, மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்து முடித்தபோது எது எந்த இடத்தில் இருந்தது என்று மறந்துபோயிருந்தது. நான்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன.

எல்லாம் தெரிந்த மைத்துனனுக்குப் போன் போட்டார். மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள் மாமா, ஏதாவது ஒன்று பொருந்திவிடும் என்றான் அவன். வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்தது. நான்கு பொருளை இருபத்துநான்கு விதமாக அடுக்கலாம் என்று போன வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ அடுக்கில் பச்சை விளக்கு எரிந்தது. 'சரிசெய்யப்படுகிறது' என்றது திரை. மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். பத்து சதவீதம் தாண்டிய பிறகுதான், எதை வைத்துச் சரிசெய்கிறது என்று அவருக்கு உறைத்தது. தப்பான வரிசையை நம்பி, நல்ல டிஸ்க்கின் மேல் பெட்டி குப்பையை எழுதிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய் நிறுத்தினார்.

வாத்தியாரின் அப்பா சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிற ஆளில்லை. அம்மா போன அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். பேப்பரை இறக்காமலே, "வருமா?" என்று கேட்டார்.

"வந்துடும்பா," என்றார் வாத்தியார். சொன்னவருக்கே நம்பிக்கையில்லை.

டிஸ்க் பழுதுபார்க்கும் கடை ஒரு மாடியில் இருந்தது. அதை நடத்திய பெண்ணைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் சொன்னார்கள். அவள் டிஸ்க்குகளைத் தொடுவதற்கு முன் நடந்ததையெல்லாம் கேட்டாள். வாத்தியார் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. விடைத்தாள் திருத்தும்போது தன் முகமும் அப்படித்தான் மாறும் என்பது அவருக்குத் தெரியும்.

"தொடாம கொண்டுவந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும் சார். இப்ப நீங்க பண்ணின ரிப்பேரைத்தான் நான் முதல்ல ரிப்பேர் பண்ணணும்."

ஒவ்வொரு டிஸ்க்கிலிருந்தும் நகல் எடுத்து, அசலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நகல்களில் இருந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்துப் பழைய வரிசையைத் தேடினாள். பள்ளி விட்டதும் வாத்தியார் நேராக அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அவர் அங்கே செய்ய ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்காக உட்கார்ந்ததும் இப்படித்தான். இந்தத் தடவையாவது நல்ல பதில் வரட்டும் என்று நினைத்துக்கொள்வார்.

வந்தது. போட்டோக்களில் பாதிக்குமேல் போய்விட்டன. அம்மா வீடியோ பிழைத்துவிட்டது. வாத்தியார் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேவிட்டார்.

"ஒண்ணு சொல்லணும் சார்," என்றாள் அவள். "இது தானா கெடலை. ஓடிக்கிட்டிருக்கும்போதே யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, நூத்துக்கணக்குல. எந்த டிஸ்க்கும் தாங்காது."

வீடு வந்து சேருவதற்குள் வாத்தியார் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். பெட்டி அணைந்துகிடப்பதை அவரே பல ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறார். துடைக்க ஆரம்பித்தால் டி.வி.யின் பின்பக்கத்தையும் விடாதவள் மனைவி. வேறு யார்? செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். கேட்ட விதம் சரியில்லை.

"அந்தப் பெட்டிய தொடாதேன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னையிலேருந்து நான் அதைத் துடைக்கறதுகூட இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தப்பை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வீடியோவை டி.வி.யில் போட்டார்.

படம் ஆடியது. இதே ஹால், இதே சோபா. அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேமராவை அவள் கண்டுகொள்ளவேயில்லை. அவளுடைய கோபமெல்லாம் அப்பாமேல்.

"ஆளே இல்லாத இடத்துல டி.வி. ஓடுது, ஃபேன் சுத்துது. எழுந்திருக்கும்போது எல்லாத்தையும் அணைக்கணும்னு எத்தனை வருஷமா சொல்றேன்? நான் சொன்னா இந்த வீட்ல யாரு கேக்கறா?"

அவ்வளவுதான் வீடியோ. அம்மாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. வாத்தியார் அழுதுகொண்டே சிரித்தார். இதைக் கேட்கவா மூன்று வருடம் பயந்தோம் என்றிருந்தது. மனைவியும் கோபத்தை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா பேப்பரை மடித்துவைத்தார். மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் கேக்கறேனே. தினமும் மத்தியானம் நீ திட்டி முடிச்சதும் டி.வி., ஃபேன், இந்தப் பெட்டி, எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தானே எழுந்திருக்கேன்."