இரண்டு பேர் மந்தை

காலையிலிருந்து மூன்றாவது முறையாக நாய் மாசாணத்தை மாடியிலிருந்து கீழே ஓட்டி வந்தது.

குரைக்கவில்லை. கடிக்கவில்லை. குதிகாலில் மூக்கை வைத்துத் தள்ளியது. நின்றால் லுங்கியை இழுத்தது. சமையலறைக்குள் அவரைக் கொண்டுபோய் விட்டு, வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது.

அவர் மனைவி அன்புக்கரசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பிஸ்தா, உங்க ஐயனுக்கு என்ன வேணுமாமா?"

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு பிஸ்தா."

சில மாதங்களுக்கு முன், மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி அன்புக்கரசியிடம் ஏதோ யோசனை கேட்டார். "அவளுக்கு என்னங்க தெரியும், எங்கிட்டக் கேளுங்க" என்றார் மாசாணம். அன்றே அவருடைய தலையணை மாடி அறைக்குப் போனது. பேச்சும் நின்றது.

தனிமை தாங்காமல், சூலூர் தாண்டியிருந்த நாய்க் காப்பகத்துக்குப் போய் நாயைக் கூட்டி வந்தார்.

"ஆடு மேய்க்கற நாயிங்க. சும்மா இருக்காது" என்றாள் அங்கிருந்த நிதா.

"எங்கூட்டுல ஆடே இல்லீங்களே."

"இருக்கறத வெச்சு அது பாத்துக்குமுங்க."

நாய் மேலே வராமலிருக்க மாடிப்படியில் பலகையைக் குறுக்கே வைத்தார். நாய் தாண்டியது. அவர் தடுக்கி விழுந்தார்.

"தைலம் அலமாரியில இருக்குன்னு சொல்லு" என்றாள் அன்புக்கரசி, நாயிடம்.

நாயை வெளியே விட்டு அறையைத் தாழிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் கரண்டியோடு அன்புக்கரசி நின்றாள். அவள் முந்தானை நாயின் வாயில் இருந்தது. இருவரும் கட்டிலின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். நாய் வாசலை அடைத்தது.

"சாம்பார் கருகுது பிஸ்தா."

"வாசம் வருது பிஸ்தா."

ஓடிக் களைத்தால் அடங்கும் என்று சிங்காநல்லூர் குளத்துக்குக் கூட்டிப்போனார். நாய் களைக்கவில்லை. மறுநாள் நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்கூட்டு நாயி எங்க எல்லாத்தையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சிருச்சுங்க. அதுல ரெண்டு பேரு பங்காளிச் சண்டைக்காரங்க!"

"அதுக்கு ஆரும் ஒதுங்கி நின்னா ஆகாதுங்க" என்று சொல்லி அன்புக்கரசி சிரித்தாள். மாடிப்படியில் நின்று மாசாணம் அந்தச் சிரிப்பைக் கேட்டார். கேட்டு நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். பவானியில் தங்கை வீடு. எப்போது திரும்புவாள் என்று நாயிடம்கூடச் சொல்லவில்லை. ஆட்டோ நின்றது. நாய் அவளை ஏற விடவில்லை. மறித்தது, சுற்றியது, வீட்டுக்குள் ஓடி மாசாணத்தை வாசலுக்குத் தள்ளி வந்தது.

"மொதல்ல இந்த நாயக் கொண்டுபோயி உட்டுப்போட்டு வாங்க!"

மாசாணம் திகைத்தார். "எங்கிட்டயா சொன்னே அம்மணி?"

"வேற ஆரு இருக்கா இங்க?"

அவர் ஆட்டோவில் ஏறினார். நாய் ஏறவில்லை. அன்புக்கரசி ஏறியதும் தாவி ஏறி நடுவில் படுத்தது. முதல் தடவையாகப் பகலில் தூங்கியது.

ஆட்டோ சூலூரைத் தாண்டியது. பிறகு மாசாணம், "பந்தியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நாயைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அதச் சம்பந்தி முன்னால சொல்லோணும்."

"சொல்லிப்போடறேன்."

அவள் வெளியே பார்த்தாள். பெட்டி அவர் மடியில் இருந்தது.

காப்பகத்தில் நிதா ஆச்சரியப்படவில்லை.

"படுத்தியெடுக்குதுங்க" என்றார் மாசாணம்.

"ஒரு நிமிசம் தனியா இருக்க உடறதில்லைங்க" என்றாள் அன்புக்கரசி. ஆனால் நாயின் கயிற்றை இன்னும் விடவில்லை.

நிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதோட நாலு வீடாச்சுங்க. கூட்டிட்டுப் போறப்ப எல்லாரும் ஒத்தையாத்தான் வர்றாங்க. திருப்பிக் குடுக்கத்தான் சோடியா வர்றாங்க."